கடன் வாங்கிய பி.டி. பீரியட்

எந்தப் பள்ளிக்கூடத்திலும் கணக்கு டீச்சருக்கும் பி.டி. சாருக்கும் ஆகாது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாடம் முடியவில்லை, பரீட்சை வந்துவிட்டது என்றால் கணக்கு டீச்சர் நேராகப் போய் நிற்கிற இடம் விளையாட்டு மைதானம். "இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் உங்க பீரியடைக் குடுங்க சார், அடுத்த வாரம் திருப்பித் தந்தர்றேன்" என்பார். அந்த அடுத்த வாரம் எந்தக் காலண்டரிலும் வராது. பிள்ளைகள் ஜன்னல் வழியே பந்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டே இயற்கணிதம் போடுவார்கள்.

செங்காட்டுப்புதூர் அரசு மேல்நிலைப் பள்ளியில் மட்டும் இந்த வழக்கு கொஞ்சம் விபரீதமாக முடிந்தது. கணக்கு டீச்சர் கோகிலவாணி, பி.டி. சார் சம்பத்குமாரிடம் ஒரே வருடத்தில் நாற்பத்தோரு பீரியட் கடன் வாங்கினாள். நாற்பத்திரண்டாவது தடவை கேட்கப் போனபோது அவன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "வாங்குனதுல ஒண்ணுகூடத் திரும்பி வரலீங்க டீச்சர். இனிமே குடுக்கறதுன்னா, ஒரே வீட்டுல இருந்து வசூல் பண்ணிக்கற மாதிரி ஏதாச்சும் ஏற்பாடு பண்ணுனாத்தான் உண்டு" என்றான். அவளுக்கு அது உடனே விளங்கவில்லை. பீரியட் கிடைக்காமல் வகுப்புக்குத் திரும்பிப் போய், பாதிக் கணக்கில் நிற்கும்போதுதான் விளங்கியது. டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்ததை அந்த வருடத்துப் பத்தாம் வகுப்புக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். தாராபுரத்தில் கல்யாணம் நடந்தது. அவனுக்கு முப்பத்தொன்று, அவளுக்கு இருபத்தொன்பது. பொருத்தம் பார்த்த பெரியவர்கள் இரண்டு வயது வித்தியாசம் நல்ல வித்தியாசம் என்றார்கள்.

கோகிலவாணிக்கு ஒரு குறை உண்டு. 'முடியாது' என்ற சொல் அவள் வாயில் வராது. மூன்று செக்ஷன் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு அவள்தான். நூற்றுப் பதினெட்டு நோட்டு. அது போதாதென்று நூலகப் பொறுப்பு, உதவித்தொகைப் பட்டியல், மெல்லக் கற்போர் பதிவேடு, ஆன்லைனில் ஏற்ற வேண்டிய பதிவுகள், ஏற்றியது ஏறவில்லை என்று மறுபடி கேட்கப்படும் அதே பதிவுகள். யாராவது ஒரு பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குள் வந்தால் மற்றவர்கள் அவசரமாக டீயைக் குடிப்பார்கள். இவள் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிடுவாள். அவ்வளவுதான், பதிவேடு அவள் மேசைக்கு வந்துவிடும்.

கல்யாணமாகி ஆறாவது வருடத்தில்தான் அந்த அறை வந்தது. துறை அதற்கு 'ஆசிரியர் பணிநேர விரிவறை' என்று நீளமாகப் பெயர் வைத்தது. உடைந்த பெஞ்சுகள் கிடந்த மூலை அறையைச் சுத்தம் செய்து, கனத்த கதவு ஒன்றைப் பொருத்தினார்கள். பொருத்த வந்த இன்ஜினியர் ரெஹானா சென்னைக்காரப் பெண். ஆசிரியர்களை வரிசையாக உட்கார வைத்து விளக்கினாள்.

"உள்ளே நேரம் வேகமா ஓடும். வெளியே அஞ்சு நிமிஷம்னா உள்ளே ஒரு மணி நேரம். உங்க ஃப்ரீ பீரியட் முக்கால் மணி நேரம்தானே, உள்ளே போய் உட்கார்ந்தா ஒன்பது மணி நேரம் கிடைக்கும். நோட்டு திருத்தலாம், பாடக்குறிப்பு எழுதலாம், ஒரு தூக்கம்கூடப் போடலாம். வெளியே வந்தா அடுத்த பெல் அடிக்கும்."

எல்லோரும் கை தட்டினார்கள். கோகிலவாணி மட்டும் கை தூக்கினாள்.

"அப்ப உள்ள இருக்கற ஆளுக்கும் ஒம்பது மணி நேரம் போயிருங்களா?"

"போயிரும் மேடம். பசிக்கும், நகம் வளரும்."

"வயசு?"

ரெஹானா வயர் சுற்றுவதை ஒரு கணம் நிறுத்தினாள். "அதுவும்தான் மேடம். சம்மதப் படிவத்துல ஒன்பதாவது பாராவுல இருக்கு. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை."

பிறகு எடை பற்றிச் சொன்னாள். உள்ளே போகிற ஆள், சாமான் எல்லாம் சேர்ந்து நூற்றைம்பது கிலோவைத் தாண்டினால் கதவு பூட்டாது, சிவப்பு விளக்கு எரியும். எதற்கு வம்பு என்று பள்ளியில் கதவின் மேலேயே 'ஒருவர் மட்டுமே' என்று பெயிண்டில் எழுதிவிட்டார்கள்.

பிள்ளைகள் அதற்கு 'அடை ரூம்' என்று பெயர் வைத்தார்கள். கணக்கு டீச்சர் எங்கே என்று கேட்டால், "அடைக்கு ஒக்காந்திருக்காங்க சார்" என்பார்கள். கோகிலவாணிக்கே அந்தப் பெயர் பிடித்திருந்தது.

முதல் வருடம் சொர்க்கம் என்றுதான் சொல்ல வேண்டும். நூற்றுப் பதினெட்டு நோட்டையும் அன்றன்றைக்கே திருத்தினாள். வெறும் டிக் போடாமல், 'இந்த இடத்தில் கழித்தல் குறியைத் தொலைத்துவிட்டாய், தேடு' என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வரி எழுதினாள். நாலரை மணிக்கு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனாள். வீடு பூராவும் நோட்டுக்கட்டாகக் கிடந்த ஹாலில் முதல்முறையாகத் தரை தெரிந்தது. இரண்டாவது வாரம் சம்பத் டீ கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் அறைக்குள் எட்டு வைத்துப் பார்த்தான். சிவப்பு விளக்கு எரிந்து கதவு பூட்டவில்லை. "பாத்தீங்களா, ஒரு ஆளுக்குத்தான் எடம்" என்று அவள் சிரித்து, அவனை வெளியே தள்ளிவிட்டாள்.

பரண் காலியாக இருந்தால் சாமான் சேராமல் விடுமா? ஆசிரியர்களுக்கு நேரம் இருக்கிறது என்று தெரிந்ததும் மேலிடத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கியது. வாரத் தேர்வு தினத் தேர்வானது. ஒரு பதிவேடு மூன்றானது. மற்ற ஆசிரியர்கள் அரை மணி, ஒரு மணி உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். முடியாது என்று சொல்லத் தெரியாதவள் ஒன்பது மணி நேரமும் உட்கார்ந்தாள். பரீட்சை மாதங்களில் அதற்கு மேலும் உட்கார்ந்தாள். இப்படியே பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது.

கணக்கு டீச்சருக்குக் கணக்கு போடாமல் இருக்க முடியுமா? போன ஆடி மாதம் ஒரு நாள் பாடக்குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். வருடத்துக்கு இருநூற்று இருபது வேலை நாள், நாளுக்குச் சராசரி பத்து மணி நேரம், பன்னிரண்டு வருடம். கூட்டிப் பெருக்கினால் ஏறக்குறைய மூன்று வருடம் வந்தது. சான்றிதழ்ப்படி அவளுக்கு நாற்பத்தேழு; உடம்புக்கு ஐம்பது. அடியில் இரண்டு வரி எழுதிக் கோடு போட்டாள். 'நான் 50. அவர் 49.'

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கோயமுத்தூர் ஹாஸ்டலில் படிக்கிற மகள் ஃபோனில், "அம்மா, அப்பாவவிட நீதான் டயர்டாத் தெரியற" என்றபோதுகூட வெயில் என்று சமாளித்தாள். கட்டினவனைவிட ஒரு வயது மூத்தவளாகிவிட்டோம் என்ற வெட்கம் கொஞ்சம்தான். மற்றது பயம். அவனோடு இருக்க வேண்டிய மூன்று வருடத்தை ஒரு மூடின அறைக்குள் சிவப்பு மையாகக் கொட்டிவிட்டோமே, இன்னும் எத்தனை கொட்டுவோம், கடைசியில் இந்த மனுசனைத் தனியாக விட்டுவிட்டு முன்னால் போய்விடுவோமோ என்று இருந்தது. அவனுக்கு ஒழுங்காக ஒரு ரசம் வைக்கத் தெரியாது.

இந்த மாதம் பதினாலாம் தேதி ஒரு சின்னக் கூத்து நடந்தது. சம்பத் தினமும் சாயங்காலம் வாலிபால் பிராக்டிஸ் முடித்து, பள்ளியைப் பூட்டிவிட்டு ஏழு மணிக்கு வருவான். அன்றைக்குச் சற்று நேரமாகி, பசியில் கண் பஞ்சடைந்து வந்தான். பதினோரு தோசை சாப்பிட்டான். பன்னிரண்டாவதைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அவள் பார்த்தாள். காலையில் மழமழவென்று ஷேவ் பண்ணிக்கொண்டு போனவன் முகத்தில் முள்ளுமுள்ளாகத் தாடி. கேட்டதற்கு பிளேடு சரியில்லை என்றான். அவளும் தட்டில் தோசையைப் போட்டுவிட்டு மறந்துபோனாள்.

அதற்கு மறு வாரம் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் பிரகதீஷும் நித்தினும் மாட்டினார்கள். இரண்டு பேரும் ஒரே கணக்கில், ஒரே இடத்தில், ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று எழுதியிருந்தார்கள். காப்பி அடிக்கவே இல்லை என்று இருவரும் சத்தியம் பண்ணினார்கள். கோகிலவாணி திட்டவில்லை. "சரியான விடை எல்லாத்துக்கும் ஒண்ணாத்தான் கண்ணுகளா வரும். தப்பு மட்டும் அவங்கவங்க சொந்தம். தப்பும் ஒண்ணா வந்துச்சுன்னா அது காப்பி" என்றாள். பிரகதீஷ் நித்தினைப் பார்த்த பார்வையிலேயே யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பதும் தெரிந்துபோயிற்று.

அன்று மத்தியானம் தலைமையாசிரியர் நாகமாணிக்கம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர். வேலை கொடுக்கும்போது அவருக்கே வாய் குழறும். இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, வட்டாரத்துப் பன்னிரண்டு பள்ளிகளுக்கும் சேர்த்துத் தேர்வுப் பிரிவுப் பொறுப்பை இந்தப் பள்ளிக்குக் கொடுத்திருக்கிறார்கள். அது அவள் தலையில்தான் விழும். தினமும் இரண்டு ஃப்ரீ பீரியடும் அறைக்குள் போக வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வேண்டும். இரண்டு, ஆய்வுக்கு வருகிறார்கள், அறையின் மீட்டரில் காட்டுகிற நேரமும் பதிவேட்டில் எழுதியிருக்கிற நேரமும் ஒத்துப்போகவில்லை.

"எம்புட்டு வித்தியாசமுங்க சார்?"

"கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு காட்டுதுங்கம்மா. யாரோ எழுதாம உள்ள போயிட்டு வர்றாங்க. நீங்க கணக்கு டீச்சர், நீங்கதான் இதக் கண்டுபுடிக்கோணும்."

படிவத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். பேனாவைத் திறக்கும் முன்பே மனக்கணக்கு ஓடிவிட்டது. நாளுக்கு இருபது மணி நேரம் என்றால் வருடத்துக்கு அரை வருடம். ஓய்வு பெற இன்னும் பதிமூன்று வருடம். சான்றிதழ்ப்படி அறுபதாகும்போது உடம்புக்கு அறுபத்தொன்பதரை. அவனுக்கு அறுபத்திரண்டு. ரிட்டயரானதும் ராமேஸ்வரத்திலிருந்து ஆரம்பித்துக் கடற்கரை ஓரமாகவே பஸ்ஸில் போவதென்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். அதற்கு அவள் முழங்கால் ஒத்துழைக்காது. ஆனாலும் முடியாது என்ற சொல் வரவில்லை. பன்னிரண்டு பள்ளிப் பிள்ளைகள், பாவம் என்று நினைத்துக்கொண்டாள். கையெழுத்து எப்படியும் வெள்ளிக்கிழமைதானே, முதலில் திருடனைப் பிடிப்போம் என்று படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

மீட்டரைத் திறந்தால் நீளமாக ஒரு தாள்ச்சுருள் வந்தது. கதவு எப்போது பூட்டியது, உள்ளே எத்தனை மணி நேரம் போனது என்று மட்டும் இருக்கும். யார் என்று இராது. அதற்குத்தான் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் பதிவேடு தொங்குகிறது. தேதி, பெயர், உள்நேரம், பணி விவரம், கையெழுத்து. இந்த மாதத்துச் சுருளையும் பதிவேட்டையும் அருகருகே வைத்து ஒவ்வொரு வரியாக டிக் போட்டுக்கொண்டு வந்தாள்.

முதல் பதின்மூன்று நாளின் பகல் நேரத்து வரிகள் எல்லாம் ஒத்துப்போயின. ஒத்துப்போகாதவை எல்லாம் சாயங்கால வரிகள். ஒன்றாம் தேதி அவள் ஒன்பது மணி நேரம். அன்று சாயங்காலம் யாரோ ஒன்பது மணி நேரம். மூன்றாம் தேதி அவள் பதினொன்று, சாயங்காலமும் பதினொன்று. ஞாயிறு அவள் இல்லை. அந்த ஆளும் இல்லை. அவளுக்கு உடம்பு சரியில்லாத எட்டாம் தேதியும் இல்லை. தன் நேரத்தையே யாரோ பின்னால் நடந்து வந்து அளப்பது போல இருந்தது.

பதினாலாம் தேதிக்கு வந்தாள். அன்று கூட்டம் இருந்ததால் அவள் பத்து நிமிடம்தான் அறைக்குப் போனாள். சுருளில் சரியாக இரண்டு மணி நேரம் என்று இருந்தது. பதிவேட்டைப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்திலேயே '12' என்று எழுதியிருந்தது. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதமே மண்டையில் ஓடிக்கொண்டிருந்ததில் அவசரத்தில் எழுதிய தப்பு. கீழே சுருளில் அன்று சாயங்கால வரியைப் பார்த்தாள்.

பன்னிரண்டு மணி நேரம்.

தப்பும் ஒன்றாக வந்திருந்தது. பதினோரு தோசையும் முள்ளுத்தாடியும் ஒன்றன்பின் ஒன்றாக அவள் கண்முன் வந்தன. பேனாவை மூடி வைத்தாள். அதற்கு மேல் டிக் போட வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகவில்லை. பிராக்டிஸ் முடிந்து பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகும் வரை ஆய்வுக்கூடத்தில் இருந்துவிட்டு, பிறகு அடை ரூமுக்கு எதிரே இருந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். கதவு பூட்டியிருந்தது. மேலே பச்சை விளக்கு. அவள் காலையில் ஒன்பது மணி நேரம் என்று எழுதியிருந்தாள். ஆக முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கதவுக்கு வெளியே அவள் காத்திருப்பது அதுதான் முதல் தடவை. முக்கால் மணி நேரம் எவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கதவு திறந்தது. கழுத்தில் விசில், கையில் காலியான பொட்டுக்கடலைப் பொட்டலம், கக்கத்தில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் சகிதம் சம்பத் வெளியே வந்தான். எதிரே மனைவியைப் பார்த்ததும் காப்பியில் மாட்டிய பிரகதீஷின் முகம் அப்படியே அவன் முகத்தில் இருந்தது.

"எத்தனை நாளா இது நடக்குது?" என்றாள்.

அவன் பெஞ்சில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ரூம் வந்து நாலாவது நாளு. காலைல நாந்தான் பூ வாங்கியாந்து குடுத்தேன். மூணாவது பீரியடுக்கு நீ உள்ள போறப்ப மொட்டா இருந்துச்சு. பெல்லடிச்சு வெளிய வர்றப்பப் பாத்தா வாடிப் பழுப்பேறிப் போயிருந்துச்சு. வெளிய முக்கா மணி நேரந்தான் ஆயிருக்குது. இவ இப்பிடியே தனியாப் போயி வாடிட்டு வருவா, நாம இங்க விசில் ஊதிக்கிட்டு நிக்கறதாடான்னு இருந்துச்சு."

"அதுக்கு?"

"அதுக்கென்ன. நானும் வாடிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

டீச்சர் குரலிலேயே கேட்டாள் கோகிலவாணி, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று. சொன்னால் நீ போவதை நிறுத்திவிடுவாய், உன்ற பிள்ளைகள் ஃபெயிலாகும், அப்புறம் நீ தூங்க மாட்டாய் என்றான். உள்ளே என்னதான் பண்ணினீர்கள் என்று கேட்டாள். வாலிபால் நெட்டைத் தைத்தானாம். தூங்கினானாம். அவள் திருத்தி வைத்த நோட்டுகளில் அவள் எழுதின வரிகளைப் படித்தானாம். பிறகு சும்மா இருப்பானேன் என்று கணக்குப் புத்தகத்தைப் போட்டுப் பார்த்தானாம்.

"மூணு வருசமா போட்டீங்க. எதுவரைக்கும் வந்திருக்குது?"

"இருபடிச் சமன்பாட்டுல நிக்குது" என்றான், குனிந்துகொண்டு.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "என்ற நேரத்த எப்பிடிக் கணக்கு வெச்சீங்க?"

"எனக்குக் கணக்கு வராதுன்னுதான் உனக்குத் தெரியுமல்ல. தினமும் பதிவேட்டப் பாத்து, நீ எத்தனை எழுதியிருக்கறயோ அத்தனை ஒக்காந்துட்டு வந்துருவேன். பதினாலாந்தேதிதான் செத்துட்டேன். பன்னண்டு மணி நேரம். பொட்டுக்கடலையெல்லாம் பாதியிலயே தீந்துபோச்சு."

"அன்னைக்கு நான் ஒக்காந்தது ரெண்டு மணி நேரமுங்க. அவசரத்துல பன்னண்டுன்னு எழுதிட்டேன்."

சம்பத் வாயைப் பிளந்தான். பள்ளி முழுக்கக் காலியாக இருந்ததால் இரண்டு பேர் சிரிப்பும் தாழ்வாரத்தின் கடைசி வரை போய்த் திரும்பியது. சிரித்து முடிந்ததும் அவன் மெதுவாகச் சொன்னான்.

"ஆடி மாசம் உன்ற நோட்டுல கடைசிப் பக்கத்தப் பாத்தேன். அந்தக் கணக்கு தப்பு கோகி. எனக்கு நாப்பத்தொம்பது இல்ல, அம்பத்திரண்டு. அன்னைக்கும் ரெண்டு வயசு மூத்தவன், இன்னைக்கும் ரெண்டு வயசு மூத்தவன்."

அவள் வாழ்க்கையில் எத்தனையோ கணக்குகளில் தப்பு கண்டுபிடித்திருக்கிறாள். அவள் கணக்கில் தப்பு கண்டுபிடித்தவன் அவன் ஒருவன்தான். பையிலிருந்த படிவம் திடீரென்று கனத்தது. இதில் அவள் கையெழுத்துப் போட்டால் ஆறரை வருடம் போகாது, பதிமூன்று வருடம் போகும். அவளுடையதைக் கேட்டிருந்தால் அவள் கொடுத்திருப்பாள். இத்தனை காலமும் கொடுத்துக்கொண்டுதானே இருந்தாள். இந்த மனுசனுடையதை எடுத்துக் கொடுக்க அவளுக்கு என்ன உரிமை?

"ரெண்டு பேரும் ஒட்டுக்கா உள்ள போயிருந்தா இத்தனை கூத்தே வேண்டாம்" என்றாள்.

"அதுதான் மொதல் வருசமே பாத்தமே. செவப்பு லைட்டு எரிஞ்சுதல்ல."

அவள் கதவில் பெயிண்ட் எழுத்துக்குக் கீழே, துருப்பிடித்த தகட்டில் '150 கி.கி.' என்று இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அறுபத்து நாலு கிலோ. அவன் எழுபத்தாறு. சேர்த்தால் நூற்று நாற்பதுதான். அன்றைக்கு அவள் மடியிலும் மேசையிலும் இருந்தது நூற்றுப் பதினெட்டு நோட்டு, குறைந்தது முப்பத்தைந்து கிலோ. கதவு பூட்டாமல் போனது அவன் வந்ததால் அல்ல. நோட்டுக்கட்டைத் தூக்கி வெளியே வைத்திருந்தால் அன்றைக்கே பூட்டியிருக்கும். நூற்று நாற்பதும் முப்பத்தைந்தும் எத்தனை என்பதை இந்தக் கணக்கு டீச்சர் பன்னிரண்டு வருடமாகக் கூட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். ஒத்துப்போகாத நேரம் யாருடையது என்று மறைக்காமல் சொன்னாள். பிறகு, கையெழுத்துப் போடாத படிவத்தை மேசைமேல் வைத்தாள்.

"முடியாதுங்க சார்."

நாகமாணிக்கம் படிவத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை. யார்தான் பார்ப்பது என்று கேட்டார். தெரியவில்லை என்றாள். அதுவும் புதுசுதான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு துண்டுத்தாளில் தாமே ஏதோ கிறுக்கிப் பார்த்தார்.

"ஸ்டாஃப்ல ஏழு பேருக்குப் பிரிச்சா நாளைக்கு ஆளுக்கு ஒண்ணரை மணி நேரந்தான் வருதுங்கம்மா" என்றார், ஏதோ தப்பு பண்ணிவிட்டவர் போல. "இந்த வகுத்தல இத்தனை வருசமா யாருமே போட்டுப் பாக்கல பாருங்க."

"நான் நிமுந்து பாத்துட்டே இருந்தனல்லங்க சார், அதுனாலதான்" என்றாள்.

அந்தப் பழைய சம்மதப் படிவத்தின் பதினோராவது பாராவையும் அவருக்குக் காட்டினாள். எட்டு மணி நேரப் பணிக்கு ஒரு மணி நேர ஓய்வை உள்ளறையிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. இதுவரை யாரும் எடுத்ததில்லை. அவளுக்குச் சேர்ந்து கிடந்ததோ மலையளவு. துணைக்கு ஆள் கூடாது என்று எந்தப் பாராவிலும் இல்லை. அவர் படித்துவிட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். "பூவு வாடிரும், பாத்துங்கம்மா" என்றார். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பன்னிரண்டு வருடமாக அதைப் பார்த்த கண்கள் இன்னும் சில இருந்திருக்கின்றன.

மூன்றாவது பீரியட் பெல் அடித்தது. பத்தாம் வகுப்பு 'பி' பிரிவின் நோட்டுக்கட்டைத் தலைமேல் சுமந்துகொண்டு வந்த பிரகதீஷிடம், பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். நாளைக்குத்தான் கிடைக்கும் என்றாள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அவன் சந்தோஷமாக ஓடினான்.

சம்பத் மைதானத்திலிருந்து வந்தான். கையில் ஒரு சாப்பாட்டுத் தூக்குப்போசியும் ராமேஸ்வரத்திலிருந்து கிளம்புகிற பஸ் தடங்கள் போட்ட பழைய வரைபடமும் இருந்தன. கணக்குப் புத்தகத்தைக் கொண்டு வரவில்லையா என்று கேட்டாள். இருபடிச் சமன்பாட்டை டீச்சரே வந்து சொல்லித் தந்தால்தான் ஆகும் என்றான். அதெல்லாம் பி.டி. பீரியடில் கிடையாது என்று அவள் சொல்லிவிட்டாள்.

உள்ளே போனார்கள். கதவு ஒரு சின்னச் சத்தத்தோடு பூட்டிக்கொண்டது. மேலே பச்சை விளக்கு எரிந்தது.

கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கிய பதிவேட்டில், உள்ளே போவதற்கு முன்பே அவள் எழுதிவிட்டுப் போயிருந்தாள். உள்நேரம்: ஒன்பது மணி நேரம். பெயர் என்ற இடத்தில் இரண்டு பெயர். பணி விவரம் என்ற இடத்தில், பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிற அதே சிவப்பு மையில்: 'கடன் வாங்கிய பி.டி. பீரியட், ஒன்று. திருப்பித் தரப்பட்டது. மீதி நாற்பது.'